அவர் இறுக்காத கிளாம்பு

எங்கள் குப்பத்தில் எது உடைந்தாலும் அதை உடைத்தவர் அவர்தான். அவரே அப்படிச் சொல்லிவிடுவார். யார் மேல் சொல்லலாம் என்று மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள், எண்ணெய்க் கை சட்டையில் படாமல் மணிக்கட்டால் பிடரியைத் தேய்த்துக்கொண்டு, "நான்தாம்பா பண்ட்டேன். என் மேல தப்பு" என்பார். அதற்கப்புறம் பேச என்ன இருக்கிறது? கூடினவர்கள் கலைந்து போய்விடுவார்கள்.

ஒரு தடவை என் ஆடு, அவர் ஜீப்பின் மேல்துணியைக் கழுவிக் காயப்போட்டிருந்ததில் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. நான் வெட்கத்தில் வெளியே வரவில்லை. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு ஓலைத்தட்டிதான். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது அவருக்குத் தெரியும். ஆட்டிடம் சொல்வது போலச் சொன்னார்:

"நான்தான் தாழ்வா போட்டேன். ஆடு இன்னா பண்ணும்?"

என் வீட்டுக்காரருக்கு அன்றைக்குச் சாப்பிடும்போது சிரிப்பில் புரையேறிவிட்டது. "ஆட்டுக்குக்கூட வக்காலத்து வாங்குறான்டி ஒன் தம்பி" என்றார். அவர் எனக்குத் தம்பி முறையெல்லாம் இல்லை. என்னை 'யக்கா' என்று கூப்பிடுவார், அவ்வளவுதான். நானும் பதில் சொன்னதில்லை. ஆண்களோடு நின்று பேசிப் பழக்கமில்லை எனக்கு. அந்த மனுஷரை நான் தெரிந்துகொண்டதெல்லாம் கருவாடு திருப்பிப் போட்டபடி, தட்டியில் விழுந்திருந்த ஓட்டை வழியாகத்தான்.

கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் மணல்மேட்டில் இருக்கிறது எங்கள் குப்பம். பழவேற்காட்டிலிருந்து வருகிற தார் ரோடு வெகு தூரத்திலேயே நின்றுவிடும். அப்புறம் மணல்தான். நடுவில் ஒரு கால்வாய். கடல் ஏறும்போது அதில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், இறங்கினால் கணுக்கால்தான். இந்த வழியில் ஓடின ஒரே வண்டி அவருடைய ஜீப். எங்கேயோ கழித்துப் போட்டதை வாங்கிவந்து உயிர் கொடுத்தது. முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்பதால் மணலில் புதையாது. இறால் பெட்டி, ஐஸ், கல்யாண அரிசி, பிரசவக்காரி எல்லாம் அதில்தான் போகும். அவருக்குச் சொந்தமாக ஒரு லாஞ்ச்சும் இருந்தது. குப்பத்துப் படகு இஞ்சின்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர்.

ஏரியில் விரித்திருந்த ஒரு வலையை ஏதோ படகு அறுத்துவிட்டுப் போன சமயம் நினைவுக்கு வருகிறது. வலைக்காரன் கோயில் வாசலில் நின்று குப்பத்தையே திட்டிக்கொண்டிருந்தான். இவர் போனார், பிடரியைத் தேய்த்தார். "என் இஞ்சின்தான் அறுத்துது. நானே கட்டித் தரேன்" என்றார். அன்றைக்கு இவருடைய லாஞ்ச் கரையேறி, அடிப்பலகை பிரித்துக் கிடந்தது. எல்லோரும் பார்த்ததுதான். அறுத்தது இவருடைய மச்சான், சம்சாரத்தின் தம்பி. அதுவும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவர் தானாக முன்வந்து கழுத்தைக் கொடுக்கும்போது யார் வேண்டாமென்பார்கள்?

தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வலையைக் கட்டினார். மச்சான் பக்கத்தில் குத்துக்காலிட்டு வேடிக்கை பார்த்தான். "மாமா, அந்தக் கண்ணி பெருசா போச்சு பாரு" என்று வேறு சொன்னான்.

"ஆமா மச்சான். என் தப்பு" என்று பிரித்துக் கட்டினார்.

பிள்ளை இல்லாததையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். சொந்தக்காரிகள் அவர் சம்சாரத்தை ஜாடை பேச ஆரம்பித்தபோது, ஆண்கள் கூடியிருந்த இடத்தில் போய், "கொற என்னாண்ட தான் கீது" என்று சொல்லிவிட்டார். எந்த ஆம்பளை அதைச் சொல்லுவான்? அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த மரியாதையை எழுதத் தெரியவில்லை.

அவர் சம்சாரம் நல்ல வாய்க்காரி. சிரிக்கச் சிரிக்கத் திட்டுவாள். ஒரு மழையில் டீசல் கேனை மூடாமல் விட்டுவிட்டாள். டீசலில் தண்ணீர் கலந்து, லாஞ்ச் நடுக்கடலில் நின்று, வேறு படகு கட்டி இழுத்து வந்தது. வந்தவர் கேனைத் தூக்கிப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். "மூடிய நான் போடாம பூட்டேன்" என்றார்.

"ஒனக்கு எதுலதான்யா கவனம் கீது? ஒரு மூடி போட மாட்டியா?" என்று அவள் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் வரைக்கும் திட்டு. அவர் தலையாட்டிக்கொண்டே குழம்பு ஊற்றிக்கொண்டார். அதற்கப்புறமும் அவள் கேனைத் திறந்தேதான் போட்டாள். தான் செய்தது இன்னதென்று தெரிந்தால்தானே மூடுவதற்கு?

அப்போது எனக்கு இது தோன்றவில்லை. நல்ல குணம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு அவளுக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது. கிட்னி இரண்டும் போய்விட்டது என்று சொன்னார்கள். வாரத்துக்கு மூன்று நாள் பொன்னேரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரவேண்டும். உப்பு கூடாது. தண்ணீரும் அளந்துதான், நாளெல்லாம் சேர்த்து ஒரு டம்ளரோ என்னவோ. கருவாடு காய்கிற காற்றையே தின்று வளர்ந்தவள் உப்பில்லாத சோற்றைப் பார்த்து அழுதாள். "நான்தான் முன்னாடியே இட்டுனு போயிருக்கணும். என் தப்பு" என்று அதற்கும் இவர் சொன்னார்.

பொன்னேரியிலேயே ஒரு அறை பார்த்துக் குடிவைத்தார். அவள் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கவில்லை. "சொவத்த பாத்துகினு சாவறதுக்கு நான் எங்கூட்டுலயே சாவறேன்" என்று வந்துவிட்டாள். வெயில் காலத்தில் ஏரி வற்றி, படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். ஜீப்தான் அவளுக்கு வழி. ஜீப் ஓடுகிற வரைக்கும் அவள் இருப்பாள். இது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அந்த ஜீப்பை ஒரு நாள் மச்சான் இறால் ஏற்றிக்கொண்டு எடுத்துப் போனான். கடல் ஏறியிருந்த நேரம்.

"கால்வாய்ல தண்ணி எறங்கட்டும், இப்ப போவாத மச்சான்" என்று இவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஐஸு கரையுது மாமா" என்று அவன் போய்விட்டான்.

பாதிக் கால்வாயில் ஜீப் தண்ணீரைக் குடித்துவிட்டது. இஞ்சின் மூச்சு இழுக்கிற வழியில் தண்ணீர் புகுந்தால் உள்ளே இருக்கிற கம்பி மடங்கிவிடுமாம். மடங்கின கம்பி இஞ்சினின் பக்கத்தைக் குத்திக் கிழித்திருந்தது. என் கை முஷ்டி நுழையும், அவ்வளவு பெரிய ஓட்டை. அதைச் சுற்றிக் கூட்டம் நின்றது. அவர் சொன்னார்:

"நான்தான் போலாம்னு சொன்னேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்தாள். "அறிவு கீதாயா ஒனக்கு? தண்ணி ஏறிகினு கீறப்ப புள்ளய அனுப்புவியா? அவனுக்கு ஒண்ணு ஆயிருந்தா?"

மச்சான் அவள் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே, "வுடுக்கா, மாமா வேணும்னா பண்ணாரு?" என்றான்.

மணிக்கட்டு பிடரிக்குப் போனது. என் வீட்டுக்காரர்கூட அன்றைக்குச் சிரிக்கவில்லை.

வேறு இஞ்சினுக்கு அவர் எங்கும் போகவில்லை. லாஞ்ச்சைப் பார்த்தார். லாஞ்ச்சில் இருந்ததும் பிறப்பில் ஜீப் இஞ்சின்தான். பல வருஷம் முன்னால் இரும்புக் கடையில் எடுத்து, கடலுக்கு ஏற்ற மாதிரி மாற்றி வைத்தது.

"லாஞ்ச அறுத்துட்டு எத துன்றதாம்?" என்று அவள் கேட்டாள்.

"நண்டு கையால கூட புடிக்கலாம். ஒன்ன கையால தூக்கினு பொன்னேரி போவ முடியுமா?"



சவுக்குக் கழி மூன்றை மேலே சேர்த்துக் கட்டி, கனம் தூக்குகிற செயின் பிளாக் தொங்கவிட்டார். குப்பத்து ஆட்கள் வந்து லாஞ்ச்சிலிருந்து இஞ்சினைத் தூக்கி, பலகை போட்டு மணலில் உருட்டி வந்தார்கள். "இஸ்து... இஸ்து... டேய், ஒன் மாமியார் வூட்டு கதவ இஸ்துகினு நிக்கிறியா, வேகமா இஸ்துடா" என்று ஒரே கூச்சல். அவர் மட்டும் சத்தமில்லாமல் இஞ்சினின் வயிற்றைத் தொட்டுக்கொண்டே கூட நடந்தார்.

கடலுக்குப் போன இஞ்சினை மறுபடி தரைக்குப் பழக்குவது லேசான வேலை இல்லை போலிருக்கிறது. அதற்கு விசிறி கிடையாது. செத்துப்போன இஞ்சினின் விசிறியையும் பெல்ட்டையும் கழற்றி இதற்கு மாட்டினார். அடியில் எண்ணெய் நிற்கிற தொட்டி முன் சக்கர அச்சில் இடித்தது. அதையும் பழைய இஞ்சினிலிருந்தே எடுத்து மாற்றினார். இஞ்சின் உட்காருகிற இடத்துக்கு லாரி டயரை வெட்டி மெத்தை வைத்தார். எல்லாம் சேர்ந்தது, கியர் பாக்ஸ் மட்டும் சேரவில்லை. கிளட்ச் பிளேட் நட்டநடுவில் நின்றால்தான் கியர் பாக்ஸின் கம்பி உள்ளே போகும். ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் போகாது. தள்ளித் தள்ளிப் பார்த்து ஆட்கள் சலித்துப் போனார்கள்.

"ஊசில கயிறு கோக்க சொல்றாருடா மாமா" என்றான் மச்சான்.

அவர் எழுந்து போய் ஒரு பழைய துடுப்பின் காம்பை எடுத்துவந்தார். கத்தியால் சீவிச் சீவி அந்த ஓட்டைக்குச் சரியாக ஆக்கி, உள்ளே விட்டு, பிளேட்டை அதன் மேல் நிறுத்தி முடுக்கினார். துடுப்பை உருவிவிட்டுக் கியர் பாக்ஸைத் தள்ளினால் போய் உட்கார்ந்துகொண்டது. ஆட்கள் கத்தினார்கள். அவள் நாற்காலியில் இருந்து கை தட்டினாள். தட்டிக்கு இந்தப் பக்கம் நானும் தட்டினேன், சத்தம் வராமல்.

சாவியைத் திருப்பினார். இருமியது, நின்றது. மறுபடி இருமியது. கறுப்பாகப் புகை கக்கி, அப்புறம் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் தலை தூக்கிக் கடலைப் பார்த்தார்கள், லாஞ்ச் வருகிறது என்று. ஜீப்பிலிருந்து வந்தது லாஞ்ச் சத்தம்.

"நம்ம லாஞ்சுயா" என்று அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதற்கப்புறம் கொஞ்ச காலம் நன்றாக இருந்தார்கள். கையால் நண்டும் இறாலும் பிடிக்கிறவர்களோடு அவர் விடியும் முன்பே ஏரிக்குள் இறங்கிவிடுவார். சேற்றில் தவழ்ந்து தடவுகிற வேலை. லாஞ்ச் ஓட்டினவருக்கு அது பழக்கமில்லை, விரலெல்லாம் நண்டுக் கடி. வந்து குளித்து, அவளை ஏற்றிக்கொண்டு பொன்னேரி போவார். போகிற நாளில் அந்த லாஞ்ச் சத்தம் கால்வாய் தாண்டித் தேய்கிற வரைக்கும் நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லவேண்டும். படகு இஞ்சின் ஒரு குழாயால் ஏரியின் உப்புத் தண்ணீரை உறிஞ்சும், இன்னொரு குழாயால் துப்பிவிடும். தண்ணீர் வரும், சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். ஜீப்பில் அப்படி இல்லை. ரேடியேட்டரில் ஊற்றுகிற தண்ணீர் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். கொதித்துக் குறையும், குறைந்ததை ஊற்றவேண்டும். நல்ல தண்ணீர்தான் ஊற்றவேண்டும். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது குப்பத்தில் எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. இஞ்சின் என்றால் உப்புத் தண்ணீர் குடிக்கிறது என்றுதான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறோம்.

நல்ல தண்ணீர் எங்களுக்கு லேசில் கிடைப்பதில்லை. டேங்கர் லாரி தார் ரோட்டோடு நின்றுவிடும், அங்கிருந்து மணலில் சுமந்து வரவேண்டும். அதை அவர் பக்கெட்டில் எடுத்து ரேடியேட்டரில் ஊற்றுவதைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது.

"யோவ், எனக்கு ஒரு டம்ளரு, அதுக்கு மட்டும் பக்கெட்டா? சக்களத்தியா கூட்டினு வந்துகீற?"

"அதுக்கு தாகம் ஜாஸ்தி" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்த இடத்தில் அவர் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லிப் பழக்கமில்லை. எது கெட்டாலும் தன் தலையில் போட்டுக்கொள்கிறவர், கெடாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்று யாருக்குச் சொல்லப்போகிறார்?

அவர் ஏரியிலிருந்து வருவதற்குள் வண்டி தயாராக இருக்கட்டும் என்று அவளே தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். ஒரு சின்னக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையிலிருந்து நின்று நின்று வருவாள். வீடு மெழுக, பாத்திரம் கழுவ என்று நான் நினைத்தேன். அவர் வந்ததும், "ரொப்பி வச்சிட்டேன்யா, ஏறு" என்பாள். "நீ எதுக்கு குனியுற?" என்று கேட்பார், ஆனால் முகமெல்லாம் சந்தோஷமாக இருக்கும். வீட்டு டிரம்மிலிருந்து எடுத்திருப்பாள் என்று நினைத்திருப்பார். ஒரு நாள் தட்டிக்கு மேலே எனக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் நீட்டினாள். "மிச்சம் பண்ணது யக்கா. எனக்குத்தான் குடிக்கக் குடுத்து வைக்கல, நீயாவது குடி" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

அந்த வெயிலில் ஏரி தரை தெரிகிற அளவுக்கு வற்றிய சமயம், ஜீப் போன கொஞ்ச நேரத்தில் லாஞ்ச் சத்தம் மாறியது. முனகுவது போல ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. கைவேலையைப் போட்டுவிட்டு ஆண்கள் ஓடினார்கள். வெள்ளையாக ஆவி அடிக்க ஜீப் நடு மணலில் நின்றிருந்ததாம். அவளை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு தார் ரோடு வரைக்கும் நடந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது அவளுடைய முறை தாண்டிவிட்டது. அங்கேயே படுக்கவைத்து மறுநாள் செய்து அனுப்பினார்கள். அதற்குள் நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டது. திரும்பி வந்தவள் பழைய ஆளாக இல்லை.

கரைவலை இழுக்கிற மாதிரி கயிறு போட்டு ஜீப்பை இழுத்துவந்து அவர் வாசலில் விட்டார்கள். மறுநாள் காலையில் அவர் ரேடியேட்டர் குழாயை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பைத் தளர்த்தி, ஹோஸைக் கழற்றினார். நான் தட்டியோரம் கருவாட்டுப் பாய் விரித்துக்கொண்டிருந்தேன். ஹோஸிலிருந்து துருச் சேறும், அதோடு வெள்ளைக் கட்டியாக ஒன்றும் மணலில் விழுந்தன. அதை விரலில் எடுத்துப் பார்த்தார். நாக்கில் வைத்தார்.

உப்பு. நாக்கில் வைக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. உப்போடு புழங்குகிறவள் நான். தண்ணீர் ஆவியாகப் போய்விட்டால் உப்பு எங்கே போகும்? நாள்தோறும் படிந்து படிந்து வழியை அடைத்துவிட்டது. அந்தச் சின்னக் குடம் அப்போதுதான் என் கண்ணில் வந்து நின்றது.

அவர் வீட்டு வாசலைப் பார்த்தார். அங்கே திண்டில் அந்தக் குடம் வெளியெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. பிறகு தலையைத் திருப்பினார், தட்டியின் ஓட்டையில் என் கண்ணைப் பார்த்தார். விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு, காலால் மணலைத் தள்ளி அந்த உப்பை மூடினார். மறுபடியும் என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று ஒருவர் கும்பிடுவதைப் போலத்தான் இருந்தது, கை மட்டும் கூப்பவில்லை.

சாயங்காலம் மச்சானும் நாலு பேரும் வந்து நின்றார்கள். "இன்னாதான் ஆச்சு மாமா?"

அவர் எப்போதும் மெல்லப் பேசுகிறவர். அன்றைக்கு, உள்ளே படுத்திருக்கிறவளுக்குக் கேட்கவேண்டும் என்று, சத்தமாகச் சொன்னார். "கிளாம்பு. ஹோஸு கிளாம்ப நான் இறுக்காம வுட்டுட்டேன். தண்ணி ஒழுவி, இஞ்சின் சூட்டுல இறுகி நின்னுடுச்சு. ஹெட்டும் வெடிச்சிடுச்சு. என் மேல தப்பு."

எல்லாத் தடவையும் கலைந்து போனவர்கள் அந்தத் தடவை கலையவில்லை. "யோவ், பொண்டாட்டி உசுர வண்டில வச்சிகினு ஒரு கிளாம்ப இறுக்க மாட்டியா?" என்று ஒருவர் கேட்டார். என் வீட்டுக்காரர். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை அவருக்கு. நான் சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அப்புறம் யாரும் அவரிடம் இஞ்சின் கொண்டுவரவில்லை. கிளாம்பு இறுக்காதவன் என்று பெயர் வந்துவிட்டது. மாட்டுவதற்கு வேறு இஞ்சினும் இல்லை. அவளை நாற்காலியில் தூக்கி, சேற்றில் படகு தள்ளி, போகமுடிந்த நாளில் போனார்கள். பல நாள் போகமுடியவில்லை.

அவள் திட்டுவதில் இருந்த சிரிப்பு போய்விட்டது. மூச்சு வாங்க வாங்கத் திட்டினாள். "எல்லா இஞ்சினும் கழட்டி மாட்டத் தெரியும், எனக்கு ஓட்றத மட்டும் இறுக்க மாட்ட. என்ன கொல்லணும்னே பண்ணியாயா?" அவர் கால் பக்கம் உட்கார்ந்து, வீங்கின பாதத்தைத் தேய்த்துக்கொண்டு, "என் தப்புதான், என் தப்புதான்" என்பார். ஓலைத்தட்டி வழியாக இதெல்லாம் எனக்குக் கேட்கும். அவர் ஒரு சொல் சொன்னால் போதும், அவள் வாய் அடங்கிவிடும். ஆனால் தன் வழியைத் தானே அடைத்துக்கொண்டோம் என்று தெரிந்து அவள் படுத்திருக்கவேண்டிவரும். அதற்குத் தான் திட்டு வாங்குவது மேல் என்று எடைபோட்டிருக்கிறார்.

கடைசியில் அவள் தம்பியிடம் சொன்னாள், "நான் பூட்டா இந்தாளு என்ன தொடக் கூடாதுடா." அப்படியே நடந்தது. எல்லாக் காரியமும் தம்பிதான் செய்தான். இவர் கூட்டத்தின் கடைசியில், வேறு ஊர்க்காரர் போல நின்றார். மணிக்கட்டு பிடரிக்குப் போகவில்லை. கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

அதற்கப்புறம் அவர் தினமும் காலையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு வருவார். செத்த இஞ்சின்தான். ஹோஸை மாட்டி, அந்தக் கிளாம்பை இறுக்குவார். போய்விடுவார். மறுநாள் வந்து இன்னும் கொஞ்சம் இறுக்குவார். யாராவது பார்ப்பார்கள் என்று நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பார்ப்பதற்கு அங்கே என்னைத் தவிர யாருமில்லை. எனக்குத்தான் தெரியுமே.

ஒரு நாள் தட்டியோரம் வந்து நின்றார். "அன்னிக்கு இன்னொரு சுத்து சுத்தியிருந்தா அவ இருப்பா யக்கா" என்றார்.

ஓட்டை வழியாக அவர் கண்ணைப் பார்த்தேன். அன்றைக்குப் பார்த்த அந்தப் பார்வை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தட்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அவர் முன்னால் நின்று, என் வாயைத் திறந்து பேசினேன். அதுதான் முதல் தடவை.

"கிளாம்பு இல்லப்பா. உப்பு. நீ நாக்குல வச்சு பாத்தியே. நானும் பாத்தேனே."

அவர் என் முகத்தையே பார்த்தார். பாஷை புரியாதவரைப் போலப் பார்த்தார்.

"இன்னா உப்பு யக்கா?"

"ரேடியேட்டர்ல இருந்து வந்துதே. மணல போட்டு மூடினியே."

"இல்ல யக்கா. கிளாம்புதான். நான்தான் இறுக்கல." என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னார். "யார வேணா கேளு."

நான் திரும்பி வந்துவிட்டேன். யாரைக் கேட்பேன்?

மழை தொடங்கும்போது அவர் அங்கே இல்லை. எப்போது போனார் என்று தெரியாது. காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கோ லாரி நிற்கிற ஷெட்டில் காவலுக்கு இருக்கிறார் என்றார்கள். இல்லை, ஆரம்பாக்கத்தில் ரயிலில் பார்த்தோம் என்றார்கள். அவரைத் தேடிப் போகிற அளவுக்கு யாருக்கும் அவர் மேல் மனசு இல்லை.

போன மாதம் மச்சான் பழைய இரும்புக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தான், ஜீப்பை அறுத்து எடுத்துப் போக. முதலில் ரேடியேட்டரைக் கழற்றப் போனார்கள். கிளாம்பு ஹோஸின் ரப்பருக்குள் புதைந்து கிடந்தது. ஸ்க்ரூ டிரைவர் வைத்தால் நகரவில்லை.

"பாருயா, இப்பதான் இறுக்கிகீறாரு. அக்காவ அனுப்பிட்டு இறுக்கிகீறாரு" என்றான் மச்சான். கத்தியை எடுத்து ஹோஸை அறுத்தான்.

உள்ளே ஒட்டிக் காய்ந்திருந்த வெள்ளைக் கட்டி பொலபொலவென்று மணலில் உதிர்ந்தது. அவன் குனிந்து தொட்டு நாக்கில் வைத்தான். படகுக்காரன், அவனுக்குப் புரியாமல் போகுமா? காறித் துப்பினான்.

"உப்பு தண்ணிய ஊத்திகீறான்யா! ஜீப்புக்கு உப்பு தண்ணிய ஊத்திட்டு, கிளாம்பாம் கிளாம்பு. எங்க அக்காவ ஏமாத்திகினே இருந்துகீறான்." தட்டியைப் பார்த்துக் கத்தினான். "யக்கோவ், நீ பக்கத்துலயே கீறியே. நீ பாத்திருப்ப. இவன்தானே ஊத்தினான்?"

இத்தனை வருஷம் வாய் திறக்காதவளிடம் கேட்கிறான். சொன்னால் அவர் மேல் இருக்கிற பழி போகும். அது அவள் மேல் வந்து விழும். எது விழக்கூடாது என்று அந்த மனுஷர் லாஞ்ச்சையும் ஜீப்பையும் பேரையும் அவளையும் கடைசியில் தன் புத்தியையும் கொடுத்தாரோ, அது.

"ஆமாம்பா" என்றேன். "அவர்தான்."

அறுத்த இரும்பை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் மணலில் போய்விட்டார்கள். ஜீப் நின்ற இடம் எண்ணெய்க் கறையோடு வெறுமையாக இருந்தது. என் ஆடு, அந்த மேல்துணியைத் தின்ற ஆட்டின் குட்டி, தட்டிக்குள் நுழைந்து போய் அங்கே உதிர்ந்து கிடந்த உப்பை நக்க ஆரம்பித்தது. ஒரு பொட்டு விடாமல் நக்கித் தீர்த்தது.

நான் விரட்டவில்லை. ஆடு என்ன பண்ணும்?